‘அத்தை’ என்ற கருவியை நீக்கவா?

நம்பர் பூட்டு தன் வழக்கமான ராகத்தைப் பாடிவிட்டுக் கதவை விட்டது. சேரின் உள்ளே வந்தாள். ஆள் அசைந்தால் தானாக எரியும் வாசல் விளக்கு எரிந்தது. அவள் வீட்டைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்புகளைப் பார்த்தாள்.

மறுபடியும் திரும்பியிருந்தன.

காலையில் கிளம்பிய அவசரத்தில் ஓட்டக் காலணி, மழைக் காலணி, குப்பை கொட்டப் போகும்போது மாட்டிக்கொள்ளும் ரப்பர் செருப்பு எல்லாம் வீட்டைப் பார்த்தபடி மூலைக்கொன்றாகக் கிடந்தன. இப்போது எல்லா ஜோடிகளும் குதிகால் சேர்ந்து, மூக்கு வாசலைப் பார்க்க வரிசையாக நின்றன. யாரோ உட்கார்ந்து பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். திருடன் எவனும் இந்த வேலை செய்ய மாட்டான்.

காலில் இருந்த காலணியைக் கழற்றாமலே அவள் உள்ளே நடந்தாள். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடும் ஊரான இஞ்சானில் பிறந்து வளர்ந்தவள் காலணியோடு வீட்டுக்குள் நடக்கிறாள் என்றால் அவள் பயம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். குளியலறை, அலமாரி, பால்கனி, துணி காயப் போடும் கம்பிக்குப் பின்னால் வரை பார்த்தாள். யாரும் இல்லை. எதுவும் களவு போகவில்லை. சோபாவில் ஒரு குழி மட்டும் இருந்தது, யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல. குளிர்பெட்டியில் வாற்கோதுமைத் தேநீர் பாதியாகக் குறைந்திருந்தது.

இதற்குத்தான் அவள் வாராவாரம் கதவின் நம்பரை மாற்றினாள். பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தி, புது நம்பர் போட்டு, அதைப் போனில் இருக்கும் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் எழுதி வைப்பாள். காகிதத்தில் எழுதுவதில்லை, யாரிடமும் சொல்வதில்லை. அவளுடைய அத்தனை பூட்டுக்கும் அந்தப் பெட்டகத்தில்தான் சாவி. அதற்கு ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்ட், அதுவும் அவள் தலைக்குள். அப்படியிருந்தும் யாரோ வந்துபோகிறார்கள்.

அன்றும் நம்பரை மாற்றினாள். பெட்டகத்தில் எழுதினாள். விளக்கை அணைக்காமல் படுத்தாள்.

செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைக்கும் பழக்கம் அவள் அறிந்த வரையில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் மாமியார் ஓக்புன் அம்மாளுக்கு. அந்த அம்மாள் போன வருடம் இலையுதிர்காலக் கடைசியில் செத்துப்போனாள்.

ஓக்புன் அம்மாள் ஒன்றும் தங்கமான மாமியார் இல்லை. சேரின் அப்போதைய கணவன் கிதேயோடு குடித்தனம் நடத்திய காலத்தில் மணியடிக்காமல் நம்பரை அழுத்திக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். தாமரைக்கிழங்கு வறுவலையும் எள்ளிலை ஊறுகாயையும் குளிர்பெட்டியில் திணித்துவிட்டு, மருமகளின் அடுப்பங்கரையைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். போகும்போது வாசலில் குந்தி உட்கார்ந்து எல்லார் செருப்பையும் திருப்பி வைப்பாள்.

"எதுக்கு அத்தை இதெல்லாம்? விடுங்க" என்று சேரின் ஒருநாள் எரிச்சலாகச் சொன்னாள்.

"கிளம்பணும்னா சட்டுனு கால் நுழையணும்டி. தேடிட்டு நிக்கக் கூடாது."

"யாரு கிளம்பப் போறா?"

அன்றைக்கு சேரினின் கன்னத்தில் பவுடருக்கு அடியில் ஒரு நீலம் இருந்தது. கிழவி அதைப் பார்த்தாளோ இல்லையோ, பூட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்க காலத்துல நம்பரு. நினைச்சா மாத்திக்கலாம். எங்க காலத்துல சாவி. சாவி வீட்டுக்காரர் இடுப்புல இருக்கும்."

மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது சேரினுக்கு ஆறவே இல்லை. பின்னால் கோர்ட்டுக்குப் போய், விவாகரத்து வாங்கி, கிதே அவள் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவும் வாங்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகு, கிழவி ஒரே ஒரு தடவை வந்தாள். உள்ளே வரவில்லை. ஊறுகாய்ப் பையைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போயிருந்தாள். மணிகூட அடிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சேரின் வேலை செய்யும் கண்ணாடிக் கடை சுரங்கப் பாதை அங்காடியில் இருக்கிறது. மதியம் பின்னறையில் மிரான் அக்காவோடு உட்கார்ந்து கிம்பாப் என்ற சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மிரான் கடையில் மூத்தவள். பார்வையைச் சோதிக்கும்போது வாடிக்கையாளர் தப்பாகப் படித்தால் அவரையே அதட்டுகிறவள்.

"பேயெல்லாம் இல்லடி. உன் புருஷன்தான்."

"அவனுக்கு நம்பர் எப்படித் தெரியும்? அது என் போன்ல மட்டும்தான் இருக்கு."

"இந்தப் போன்லயா? இதுக்கு முன்னாடி வச்சிருந்த போன் என்னாச்சு?"

"அந்த வீட்ல இருந்தப்பவே அத்தைக்குக் குடுத்துட்டேன். அவங்க போன் கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. அன்னைக்கே வேணும்னு வாசல்ல நின்னாங்க."

"குடுக்குறதுக்கு முன்னாடி பாஸ்வேர்ட் ஆப்பை அழிச்சியா?"

"அழிச்சேன்."

"எப்படி?"

"அதை அமுக்கிப் பிடிச்சு, இழுத்து..."

"எங்க இழுத்த?"

"ஸ்கிரீனை விட்டு வெளிய."

மிரான் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி. அது அழிக்கிறது இல்ல, ஒளிச்சு வைக்கிறது. ஆப் உள்ளேயேதான் இருக்கு. நீ லாக்-அவுட் பண்ணல, போனைச் சுத்தமாத் துடைக்கல. நீ இங்க எழுதுற ஒவ்வொண்ணும் அங்கயும் போய் உக்காந்துக்கும். திறந்து பாரு."

திறந்தாள். அமைப்புகளுக்குள் போனால், பெட்டகம் எந்தெந்தக் கருவிகளில் திறக்கும் என்று வரிசை வந்தது. இரண்டு பெயர்கள். ஒன்று ‘சேரின்’. மற்றது, பழைய போனைக் கொடுத்த அன்று கிழவிக்குப் பிடிக்கட்டும் என்று அவளே சூட்டிய பெயர்: ‘அத்தை’.

அதற்குக் கீழே பொடி எழுத்தில்: கடைசியாகத் திறந்தது நேற்று மாலை.

சேரின் அதை மறுபடி படித்தாள். செத்து ஒரு வருடம் ஆகப்போகிற ஒருத்தியின் பெயர், நேற்று மாலை.

"இந்தா, பக்கத்துலயே ‘நீக்கு’ன்னு இருக்கு. அழுத்துடி" என்றாள் மிரான்.

விரல் போனது, நின்றுவிட்டது. "நாளைக்கு அவங்க முதல் வருஷத் திதி, அக்கா. இன்னைக்குப் போய் பேரை எப்படி அழிக்கிறது?"

"பேரையா அழிக்கச் சொன்னேன்? போனை அழிடி, போனை!"

"முதல்ல கியங்கைக் கேக்குறேன். போன் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு..."

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். திதிக்கு முந்தின நாள் செத்தவரின் பெயர்மேல் ‘நீக்கு’ என்று அழுத்த அந்த ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கை வராது. நாத்தனார் கியங் போனை எடுக்கவில்லை. அதற்குள் ஒரு பெரியவர் உடைந்த மூக்குக் கண்ணாடியோடு கடைக்குள் வந்துவிட்டார், மிரான் எழுந்து போனாள். அவ்வளவுதான், அது அப்படியே நின்றுவிட்டது.

மாலையில் மழை பிடித்தது. சேரின் வீட்டுக்கு வந்து, செருப்புகள் கிடந்தபடியே கிடப்பதைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டபோது கியங் கூப்பிட்டாள்.

"அண்ணி, கூப்பிட்டிருந்தீங்களா? மத்தியானம் அண்ணன் வந்துட்டான், எடுக்க முடியல."

"கியங், அத்தையோட போன் யார்கிட்ட இருக்கு?"

"அண்ணன்கிட்டத்தான். அம்மா போட்டோவெல்லாம் அதுல இருக்குன்னு எடுத்துக்கிட்டான். ஏன்?" பிறகு அவள் குரல் தணிந்தது. "அண்ணி, நாளைக்குத் திதிக்கு நீங்கதான் சமைக்கணும்னு பினாத்திக்கிட்டு இருந்தான். நான் சண்டை போட்டேன். எந்திரிச்சுப் போயிட்டான். நீங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு..."

வெளியே லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது.

சேரின் பேச்சை நிறுத்தினாள். ஈரக் காலணிகள் நடைபாதையில் சளக் சளக் என்று வந்தன, அவள் கதவுக்கு முன்னால் நின்றன. சுவரில் இருந்த சின்னத் திரையில் கிதே தெரிந்தான். ஒரு கையில் கனமான பை, அதிலிருந்து முள்ளங்கி இலை எட்டிப் பார்த்தது. மறு கையில் அவளுடைய பழைய போன். கல்யாண வீட்டுக்கு வந்தவன்போலச் சிரித்துக்கொண்டே போனைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினான்.

கதவுக்கும் அவளுக்கும் நடுவே நாலு அடிகூட இல்லை. நேற்று அவள் போட்ட புது நம்பர் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகம் அவன் கையில் இருக்கிறது. மதியமே அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால்! அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ராகம் பாடப்போகிறது, கதவு விடப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பீப், பீப், பீப். தப்பு நம்பர்.

"சேரின்? இருக்கியா?" அவன் மறுபடி அழுத்தினான். மறுபடி பீப். "அம்மாவுக்கு நாளைக்கு திதி. பெரணிக்கீரை, இறைச்சி, மீனு, எல்லாம் வாங்கிட்டேன். நீ வந்து சமைச்சா போதும். சண்டைக்கு வரல. கதவைத் திற."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நம்பரை மாத்திட்டியா? இப்ப லிஃப்ட்ல பார்த்தேனே, இதுதானே இருக்கு?" சிரிப்பு போய்விட்டது. "என்னடி விளையாட்டு இது? பழைய நம்பருங்க எல்லாம் எனக்குத் தெரியும். உன் சோபா எவ்வளவு மெத்துன்னு எனக்குத் தெரியும்." போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் குத்தினான்.

பூட்டு அலறத் தொடங்கியது. தப்பு நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டால் இந்தப் பூட்டுகள் இப்படித்தான், மாடி முழுக்கக் கேட்கிறாற்போல் ஊளையிடும், கொஞ்ச நேரத்துக்கு எந்த நம்பரையும் ஏற்காது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கியங் இன்னும் லைனில் இருந்தாள், அவள் வேறொரு போனில் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. கிதே கதவை உதைத்தான், காவலாளி ஓடிவந்தார், பை கிழிந்து முள்ளங்கி நடைபாதையில் உருண்டது. போலீஸ் வந்து அவனை லிஃப்டுக்குள் தள்ளியபோதும் அவன் அந்த நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல.

எல்லாம் அடங்கிய பிறகு சேரின் தன் போனில் பெட்டகத்தைத் திறந்தாள். ‘வீட்டுக் கதவு’ என்ற இடத்தில் அவள் நேற்று எழுதிய நம்பர் இல்லை. வேறொன்று இருந்தது.

0307.

பூட்டில் நம்பர் மாறவில்லை. பெட்டகத்தில் எழுதியிருந்ததைத்தான் யாரோ மாற்றியிருந்தார்கள். கீழே விவரம் இருந்தது: இன்று மதியம் மாற்றப்பட்டது. மாற்றிய கருவி, அத்தை.

நிலாக் கணக்கில் மூன்றாம் மாதம் ஏழாம் நாள். அது சேரினின் பிறந்தநாள். அரசாங்கத் தாளில் இருப்பது வேறு தேதி, நண்பர்கள் வாழ்த்துவதும் அந்தத் தேதியில்தான். நிலாக் கணக்குப்படி கொண்டாடியது அவள் மாமியார் ஒருத்தி மட்டும். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு சம்பந்தமில்லாத நாளில் பிறந்தநாளுக்கு வைக்கும் கடற்பாசி சூப்போடு வந்து நிற்பாள். "பிறந்தநாள் போன வாரமே முடிஞ்சுபோச்சு அத்தை" என்றால், "அது கவர்மெண்டுக்கு. நிலாவுக்கு இன்னைக்குத்தான். குடி" என்பாள். கிதேக்கு எந்தத் தேதியும் நினைவில் நின்றதில்லை.

போலீஸ் தாங்கள் பார்த்து முடிக்கும்வரை பெட்டகத்தில் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். பூட்டின் நம்பரை மட்டும் மாற்றி, அதை எங்கும் எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டாள். பிறகு வாசலில் உட்கார்ந்து தன் எல்லாச் செருப்பையும் மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்தாள். ஓட வேண்டி வந்தால் சட்டென்று கால் நுழைய வேண்டும் அல்லவா.

மறுநாள் சாயங்காலம் கியங் வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஒரு கையில் அம்மாவின் படம், மறு கையில் அந்தப் போன். திதிக்கு வேண்டும் என்று அழுது கேட்டதில், தேவையானதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"அண்ணன் உள்ள இருக்கான். திதி செய்ய ஆளில்ல. இங்க செய்யலாமா அண்ணி? உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லன்னு தெரியும்..."

"உள்ள வா. மீன் பொரிச்சுட்டேன்" என்றாள் சேரின்.

கியங் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். வந்து உக்காந்தது, தேநீர் குடிச்சது, எல்லாம். உங்க விலாசத்தைக்கூட இந்தப் போன்ல இருந்துதான் எடுத்தானாம், நீங்க சாமான் வாங்குற ஆன்லைன் கடைக் கணக்குக்குள்ள போய். செருப்பை ஏன் திருப்பினன்னு போலீஸ்காரர் கேட்டதுக்கு மட்டும், ‘செருப்பா? நான் எதுக்குச் செருப்பைத் தொடப்போறேன்’னு முழிச்சானாம்."

சேரின் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நேத்து மத்தியானம் இந்தப் போன் எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்ல. அம்மா படத்துக்கு முன்னாடி வச்சுட்டுத்தான் சாப்பிட உக்காந்தான். நானும் அவனும் மேஜையில. வேற யாரு..." கியங் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குக்கர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

மிரான் அக்கா போனில் சொல்லச் சொல்ல, வேலையை முறைப்படி செய்தார்கள். முதலில் கிழவி எடுத்த படங்களைக் கியங்கின் போனுக்கு நகல் எடுத்தார்கள். பாதி படங்கள் அவளுடைய கட்டைவிரல், மீதி ஊறுகாய் ஜாடி. பிறகு பழைய போனில் ஒளிந்திருந்த பெட்டகத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து வெளியேறினார்கள். சேரின் பெரிய பாஸ்வேர்டை மாற்றினாள். போனில் இருந்த அவள் கணக்கை எடுத்தாள். கடைசியில் போனையே முழுக்கத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரை இருண்டு, வெகுநேரம் யோசித்து, கடையில் வாங்கிய அன்று காட்டிய முகத்தைக் காட்டியது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இன்னும் ஒண்ணு பாக்கி. உன் போன்ல அந்த வரிசையில இருந்து அதை எடுத்துடு. விட்டு வைக்காத. இந்தத் தடவை அழுத்துடி" என்றாள் மிரான்.

பெட்டகம் கேட்டது: ‘அத்தை’ என்ற கருவியை நீக்கவா?

கியங்குக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீக்குங்க அண்ணி. அம்மாவே ஒண்ணும் சொல்ல மாட்டா."

சேரின் அழுத்தினாள். வரிசையில் ஒரு பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கிழவியைத் தான் இவ்வளவு நேசித்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பொம்பளை?

படையல் தயாரானது. படம், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பேரிக்காய், காய்ந்த மீன், சோற்றில் நட்ட கரண்டி. பழக்கத்தை மீறி ஒரு கிண்ணம் கடற்பாசி சூப்பும் இருந்தது. ஒன்றுதான் மிச்சம். செத்தவர் வருவதற்கு வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

"வேணாம் அண்ணி, இன்னைக்கு மட்டும் சாத்தியே இருக்கட்டும்" என்றாள் கியங்.

சேரினுக்கும் அந்தக் கதவைத் திறக்கப் பயமாக இருந்தது. நேற்று அதற்கு அந்தப் பக்கம் நின்றவனின் முகம் கண்ணிலேயே இருந்தது. இன்று திறக்கவில்லை என்றால் இனி என்றைக்கும் நிம்மதியாகத் திறக்க மாட்டோம் என்றும் தோன்றியது. போய்த் திறந்தாள், பாதிக்கு மேல். நடைபாதைக் குளிர் உள்ளே வந்தது. இருவரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு, செத்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று முதுகைக் காட்டிப் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

வாசல் விளக்கு எரிந்தது. பால்கனிக் கண்ணாடியில் அதன் மஞ்சள் தெரிந்தது. யாரோ குந்தி உட்கார்ந்தால் முழங்கால் சொடுக்குமே, அந்தச் சத்தம். பிறகு தரையில் ரப்பர் உரசும் சத்தம், மெல்ல, ஒவ்வொன்றாக. கியங் சேரினின் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. இருவரும் திரும்பவில்லை.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பூட்டு தன் ராகத்தைப் பாடிப் பூட்டிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து சேரின் முறைப்படி கனைத்துவிட்டுத் திரும்பினாள். மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. சூப்பின்மேல் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தில் கரண்டி நுழைந்த தடம் இருந்தது.

வாசலில் செருப்புகள் வரிசையாக நின்றன. அவள் நேற்று வெளியே பார்க்கத் திருப்பி வைத்த ஓட்டக் காலணி, மழைக் காலணி, ரப்பர் செருப்பு, எல்லாம் குதிகால் சேர்ந்து, மூக்கு வீட்டைப் பார்க்க நின்றன. ஒரு வேலையை முடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்களின் செருப்பு அப்படித்தான் இருக்கும்.

சேரின் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகும் அவற்றைத் திருப்பி வைக்கவில்லை.